நனையாத வண்டி

கிளட்ச் எங்கே இருக்கிறதென்று என் இடது காலுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் விற்கிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கே இப்போது இதுதான் காரணம் என்று ஆகிவிட்டது. சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். முதலில் கட்டைவிரல் மரத்தது, பிறகு பாதம், இப்போது தரை ஈரமா காய்ந்ததா என்பதுகூடக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. போன தை மாதம் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது கால் கிளட்ச்சின்மேல் இருப்பதாக நினைத்துக் கியரைத் தள்ளினேன். கால் பக்கத்துப் பலகையை மிதித்துக்கொண்டிருந்தது. பல்சக்கரங்கள் உரசிக் கத்திய சத்தத்துக்கு அம்சவேணி சமையலறை ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். இந்த வண்டி விஷயத்தில் அவள் எதையும் கேட்பதில்லை, நாற்பது வருஷமாக. அன்றைக்குச் சாவியைக் கழற்றினவன்தான், பிறகு ஓட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். பத்து நிமிஷம். இந்தச் சொல் வந்தாலே மனசு ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, வேண்டாம், இன்றைக்கு வேண்டாம். திருப்பூர்க்காரர் பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார், இப்போது ஒன்பதரை. துடைப்பதற்கு என்ன இருக்கிறது, நேற்றும் துடைத்தேன், முந்தாநாளும் துடைத்தேன், ஆனாலும் பனியன் துணி கைக்கு வந்துவிட்டது, கை அதுபாட்டுக்கு முன் மட்கார்டின் வளைவில் போய்க்கொண்டிருக்கிறது. எம்.ஜி. வண்டி, ஐம்பத்தொன்றாம் வருஷம் இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது. கதவுகள் மற்ற வண்டிகளுக்குத் திறப்பதற்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், பெட்ரோல் டாங்கி முதுகுக்குப் பின்னால் வெளியே தெரிகிற மாதிரி நிற்கும், அதன்மேல் ஸ்டெப்னி. வெளிர்பச்சை உடம்பு, பிஸ்கட் நிறத்தில் தோல் சீட்டு. அந்த சீட்டில் ஒரு கீறல் கிடையாது, ஒரு கறை கிடையாது. சாலையில் போனால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள், சிக்னலில் நின்றால் யாராவது ஒருத்தர் வந்து எவ்வளவுக்குத் தருவீங்க என்று விளையாட்டுக்குக் கேட்பார்கள். கொடுப்பதற்கில்லை என்று சிரிப்பேன். அந்தச் சிரிப்பு சிரித்துச் சிரித்து வாய் களைத்துப்போய்விட்டது.

வானம் மூடிக்கொண்டு வருகிறது. ஐப்பசியில் வேறெப்படி இருக்கும், நானாவது ஒரு மாதம் தள்ளி வரச் சொல்லியிருக்கலாம். மழைக்காலத்தில் இந்த வண்டி வெளியே போனதில்லை. தையிலிருந்து சித்திரை வரை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டு, மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்புவேன், அவ்வளவுதான், அதற்குமேல் அதற்கு உலகம் தெரியாது. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இதை முதல்முதலாகப் பார்த்தபோது உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, நூல் மில்லில் ஃபிட்டர் ஃபோர்மேன், எஸ்டேட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டதென்று முதலாளி என்னை அனுப்பியிருந்தார். ஜெனரேட்டரைச் சரிசெய்துவிட்டு, கூலிக்குப் பதில் அந்தக் கோழிக்கூண்டைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே தந்தார்கள். லாரியில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன். நடுவில் கல்யாணம் ஆனது. அம்சவேணி மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். புதுப்பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாமா என்று இரண்டு வாரம் கேட்டாள், மூன்றாவது வாரம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பானெட்டுக்குள் டார்ச் பிடித்தாள். எந்த நட்டு எந்த டப்பாவில் இருக்கிறதென்று எனக்கு மறந்தாலும் அவளுக்குத் தெரியும். சீட்டுக்குத் தோல் வாங்கி வந்து நாங்கள் இரண்டு பேருமே தைத்தோம், நான் துளை போடுவேன், அவள் மெழுகு நூலை இழுத்து முடிச்சுப் போடுவாள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு. ஆறு மாசம் ஆனது. எண்பத்து நாலு ஆவணியில் வண்டி ஓடியது. அன்றைக்கு அவளை உட்காரவைத்துக்கொண்டு மருதமலை அடிவாரம் வரை போனேன். ஒரு கையால் கூந்தலையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்போது ஐந்தாம் மாசம். மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள். அதற்குப்பிறகு இந்த வண்டியில் அவள் ஏறவில்லை.

வந்துவிட்டார்கள், பத்தரைக்கே வந்துவிட்டார்கள். கிருபாகரன் என்று பெயர், முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிருக்கும், பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், பேச்சில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' விழுகிறது, நல்ல வளர்ப்பு. கூட ஒரு மெக்கானிக், யூசுப், ஐம்பதைத் தாண்டினவர், வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஷெட்டுக்குள் வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனசு சமாதானமாகிவிட்டது. கிருபாகரன் சுற்றிச் சுற்றி வந்து ஃபோட்டோ எடுத்தார், ஒன்றையும் தொடவில்லை. யூசுப்தான் தொட்டார். பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி இரண்டு கார்புரேட்டரையும் மோந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், கதவைத் திறந்து ஓரத்தில் தெரிகிற மரச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இந்த வண்டிக்கு உள்ளே உடம்பு மரம், தகரம் அதன்மேல் போர்த்தியது, தண்ணீர் இறங்கினால் முதலில் மரம்தான் போகும். எல்லாப் பக்கமும் தட்டிவிட்டு எழுந்து முதலாளியிடம், மரம் கல்லாட்டம் இருக்குங்க, இந்த வண்டி மழையே பாத்ததில்லைங்க என்றார். கிருபாகரன் என்னைப் பார்த்து, எப்படீங்க ஐயா இப்படி வெச்சிருக்கீங்க, ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காதே என்று கேட்டார். ஆமாங்க, ஒரு சொட்டு பட்டதில்லை என்றேன். சொல்லும்போது அம்சவேணி காப்பித் தட்டோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன், டம்ளர்கள் ஆடவில்லை, சிந்தவில்லை, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள், எனக்குச் சர்க்கரை போடாததைத் தனியே எடுத்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு பட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், எப்போதும் அப்படித்தான் சொல்வது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி, மில்லில் எனக்கு இரவு ஷிஃப்ட், தூங்கிக்கொண்டிருந்தேன், ஏழாம் மாசம் என்பதால் அவள் லீவில் இருந்தாள். காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. என்னை எழுப்பினாள். எழுப்பும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகணும் போல இருக்குங்க என்றாள், நான் எழுந்து பார்த்தால் கட்டில் விளிம்பிலிருந்து தரைவரை. நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். ஷெட் தாழ்ப்பாளில் கை வைத்தேன், இரும்பு சில்லென்று இருந்தது, பலகை இடுக்கு வழியாக உள்ளே சீட்டு தெரிந்தது, அந்த இருட்டிலும் பளபளவென்று தெரிந்தது. அடுத்து எனக்கு ஞாபகமிருப்பது பக்கத்து வீட்டு வக்கீல் வாசலில் நான் நனைந்து நிற்பது, அவர் வீட்டு ஃபோனில் டாக்சி ஸ்டாண்டைக் கூப்பிடுவது. பத்து நிமிஷத்தில வர்றோமுங்க என்றான். நாற்பது நிமிஷம் ஆனது. வந்த டாக்சி ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் என்று சுற்றிக்கொண்டு போனது. லேடி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் அரை மணி முன்னால வந்திருக்கலாமேங்க என்றார். திட்டவில்லை, கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, களைப்பாகச் சொன்னார். பெண் குழந்தை. துணியில் சுற்றியிருந்தார்கள், காது மட்டும் தெரிந்தது. இனி பிள்ளை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

ஏன் எடுக்கவில்லை. இதற்கு நான் எத்தனை காரணம் வைத்திருந்தேன், ஒரு காலத்தில் ஒன்று, அது தேய்ந்தால் இன்னொன்று. மேலே போடுகிற ஹூட் அப்போது மாட்டவில்லை, தைத்துப் பரணில் கிடந்தது, திறந்த வண்டியில் அந்த மழையில் அவளை எப்படி உட்காரவைப்பது. அது பத்து வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு, அவ்வளவு தாழ்வான சீட்டில் அந்த நிலையில் அவளால் இறங்கி உட்கார்ந்திருக்க முடியாது, டாக்சி என்றால் பின்னால் படுத்துக்கொள்ளலாம். பிறகு, பாலத்தடித் தண்ணீரில் எஞ்சின் நின்றிருக்கும், டிஸ்டிரிபியூட்டரில் தண்ணீர் போனால் அவ்வளவுதான், நடு வழியில் மாட்டியிருப்போம். இது கடைசியாக வந்தது, இதுதான் அதிக நாள் நின்றது, இருபது வருஷமாக இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே உண்மை. எதையும் நான் பொய்யாகச் செய்துகொள்ளவில்லை. ஆனால் தாழ்ப்பாளில் கை வைத்து நின்ற அந்த நேரத்தில் இதில் எதையாவது யோசித்தேனா, சீட்டைப் பார்த்தேன், அது மட்டும்தான் தெரிகிறது. அதைவிட ஒன்று உண்டு, அதை நான் எனக்குக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. மறுநாள் காலை அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். படுக்கை அப்படியே கிடந்தது, தரை அப்படியே கிடந்தது. நான் நேரே ஷெட்டுக்குப் போனேன். தரையில் தண்ணீர் புகுந்திருந்தது. உட்கார்ந்து அதை ஒற்றி எடுத்து, சக்கரத்தைத் துடைத்து, சீட்டில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்து படுக்கையை அலசினேன். யார் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. அதன்பிறகு துடைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஓட்டிப் பாக்கலாமுங்களா என்று கிருபாகரன் கேட்டார். அதற்குள் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது, ஷெட் தகரத்தில் முதல் நாலைந்து சொட்டு. நான் மழை விடட்டும் என்றேன், விட்டால் மத்தியானத்துக்குமேல் பார்க்கலாம், சாப்பிட்டுவிட்டுக்கூடப் போகலாம். வண்டிதானுங்களே ஐயா என்றார் கிருபாகரன். அதில் கிண்டல் இல்லை, ஆச்சரியம் மட்டும் இருந்தது. நான் வேறு ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன், டயர், பிரேக், ஒன்றும் வரவில்லை. யூசுப் ஏற்கெனவே ஹூட்டைப் பிரித்துவிட்டார். மாட்டி ஐந்தாறு முறைகூட விரித்திருக்க மாட்டேன், க்ளிப்புகள் விறைத்துப்போய்க் கிடந்தன, இரண்டு பேருமாக இழுத்து மாட்டினோம். சோக்கை இழுத்து ஸ்டார்ட்டர் குமிழை நானே இழுத்தேன், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூட யார் போவது, வழி சொல்ல ஆள் வேண்டும், யூசுப்புக்கும் ஊர் தெரியாது. நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்சவேணி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, நான் போறேனுங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்குப் போகணும், உங்க மாத்திரை நேத்தோட தீந்துபோச்சு என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. தட்டைத் திட்டில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள், எதிர்ப்பக்கமாகத் திறக்கிற கதவை எப்படித் திறப்பதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டாள். அறுபத்தொன்பது வயது. அந்த சீட்டில். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைப் பார்த்தாள். பை எடுத்துக்கிட்டியா என்று கேட்டேன். எடுத்துக்கிட்டேன் என்றாள். வண்டி கேட்டைத் தாண்டி மழைக்குள் போனது, பச்சை நிறம் ஒரு மாதிரி கறுத்துத் தெரிந்தது, ஈரத்தில் அது அப்படித் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

யூசுப் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் கேட்டருகில் நின்றேன், பிறகு ஷெட்டுக்கு வந்தேன், பிறகு கேட்டுக்குப் போனேன். மழை வலுத்துவிட்டது. கேட்டிலிருந்து பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர், மருந்துக்கடை அதைத் தாண்டி இருநூறடி, பத்து நிமிஷத்தில் போய்விடலாம், மருந்து வாங்க ஐந்து நிமிஷம், வர பத்து நிமிஷம். பாலத்தடியில் இந்நேரம் தண்ணீர் தேங்கியிருக்கும், போன வாரமும் தேங்கியது, பேப்பரில் வந்தது. ஏன் வேறு வழி சொல்லவில்லை, சுற்று வழி ஒன்று இருக்கிறதே, அவளுக்கும் தெரியுமே. யூசுப்பிடம், தண்ணியில எஞ்சின் நின்னுருமோ என்று கேட்டேன், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல. எவ்வளவு தண்ணிங்க என்றார். அரைச் சக்கரம் என்றேன். அவர் சிரித்தார். "அய்யா, இது இங்கிலாந்து வண்டிங்க. அந்த ஊர்ல தெனமும் மழைதான். நனையறதுக்குன்னே செஞ்சது. பைய ஒரே சீராப் போனா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் ஊரில் ஏதோ ஒரு ஜீப் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நனையறதுக்குன்னே செஞ்சது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லையா, சொல்ல வேண்டுமா என்ன, நானே ஃபிட்டர், அந்த எஞ்சினை ஒவ்வொரு நட்டாகப் பிரித்துப் பூட்டியவன், டிஸ்டிரிபியூட்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அரைச் சக்கரத் தண்ணீருக்கும் அதற்கும் எத்தனை அங்குலம் என்று இருபது வருஷத்தில் ஒரு நாள் அளந்து பார்த்தேனா. அளக்க என்னிடம் அளவுகோல் இல்லையா. இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. நின்றுபோயிருந்தால் கிருபாகரனுக்கு என்ன, இறங்கித் தள்ளுவார், இளவயது, அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள், தண்ணீர் கதவிடுக்கு வழியாக வரும், காலை எங்கே வைப்பாள். நின்றுபோயிருக்கட்டும் என்று இன்னொரு குரல் எனக்குள் சொன்னது. நான் அதைக் கேட்டேன், தெளிவாகவே கேட்டேன். நின்றுபோனால் நான் அன்றைக்குச் செய்தது சரி. என் பெண்டாட்டி தண்ணீரில் மாட்டிக்கொள்ளட்டும், எனக்கு என் காரணம் மிஞ்சட்டும். எழுபத்து மூன்று வயதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு இதை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். முப்பது நிமிஷம். முப்பத்திரண்டு. முதலில் சத்தம்தான் வந்தது, அந்தச் சத்தத்தை எந்தத் தெரு இரைச்சலிலும் எனக்குத் தெரியும், தாளம் தப்பாமல், ஒரு இருமல்கூட இல்லாமல் வந்தது.

அவள் இறங்கும்போது இடது பக்கத் தோளும் தலைமயிரும் நனைந்திருந்தன, பக்கவாட்டுத் திரையை நாங்கள் மாட்ட மறந்திருந்தோம். தோல் சீட்டின் ஓரத்தில் ஈரம். கிருபாகரன் பேண்ட் முழங்கால்வரை தெறித்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு, யூசுப்பிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். அவள் மருந்துப் பையை என்னிடம் நீட்டினாள். "பாலத்தடியில அரைச் சக்கரத்துக்குத் தண்ணி நின்னுதுங்க" என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். "வண்டி நிக்கல. அதுபாட்டுக்குப் போச்சு" என்றாள். குற்றம்சாட்டும் குரலா என்று தேடினேன். டீச்சராக இருந்தவள், விடைத்தாள் திருத்திவிட்டு மதிப்பெண் சொல்கிற குரல்தான் இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. பேசியபடி விலை, அதில் ஒரு பேச்சும் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஆர்.சி. புத்தகத்தை வைத்து, ஃபாரங்களில் நான் கையெழுத்துப் போட்டேன், சென்னியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன், மூன்று இடத்தில். வேற ஏதாவது கவனிக்கணுமுங்களா ஐயா என்று கிருபாகரன் பணிவாகக் கேட்டார். எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை கிரீஸ், எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் முதல் வரி, மழையில் எடுக்கக் கூடாது. அவர் அதைப் படித்தாரா தெரியவில்லை, மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லைங்க, ஓட்டிட்டே போயிர்றேன் என்றார். பொங்கலுக்குக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார், வேண்டாமுங்க என்றேன், அவருக்கு அது புரியவில்லை. அவர் முன்னால் போக, யூசுப் அவர்கள் வந்த காரில் பின்னால் போனார். தெருமுனையில் வண்டி திரும்புவதை நான் பார்க்கவில்லை. ஷெட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷெட் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆள் படுத்து உருளலாம். தரையில் நாலு சக்கரம் நின்ற இடம் மட்டும் வெளுத்திருந்தது. துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்சவேணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். எத்தனையோ விதமாக இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், காலில் விழுகிற மாதிரி, கடிதமாக எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிற மாதிரிகூட. கடைசியில் களைத்துப்போய், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற குரலில்தான் வந்தது.

"அன்னைக்கு நான் இந்த வண்டிய எடுத்திருக்கணும்."

எந்த நாளென்று அவள் கேட்கவில்லை. துவட்டுவதை நிறுத்தினாள்.

"எடுக்கத்தானுங்க வந்தீங்க" என்றாள். "கதவத் தொறந்துபோட்டு வந்து என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க, இந்த எடம் வரைக்கும். நாந்தான் ஏறமாட்டேன்னேன். சீலையெல்லாம் ரத்தமா இருந்துது. அப்பத்தான் தச்சு முடிச்ச சீட்டு. கறையாயிரும், டாக்சி கூப்புடுங்கன்னேன். நீங்க ரெண்டு வாட்டி சொன்னீங்க. நான் கேக்கலை."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை. தாழ்ப்பாளில் கை, சில்லென்ற இரும்பு, அப்புறம் வக்கீல் வீட்டு வாசல். நடுவில் அவள் கை எதுவும் இல்லை.

"நீ அப்படிச் சொல்லலை அம்சு" என்றேன்.

"சொன்னனுங்க."

சொல்லிவிட்டு வெளுத்த தரையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் துண்டை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்த சீட்டத் தொடைப்பீங்க. எனக்குக் காட்டறதுக்குத்தான் தொடைக்கறீங்கன்னு இருந்துது. இந்த சீட்டுக்காகத்தானே நீ ஏறாமப் போனேன்னு. ஒரு வார்த்த திட்டீருந்தாத் தேவலையுங்க."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்காகச் சொல்கிறாளா, நடந்ததைச் சொல்கிறாளா, நாற்பத்து மூன்று வருஷம் பார்த்த முகத்தில் அது தெரியவில்லை. கேட்க வேறு யார் இருக்கிறார்கள், வக்கீல் போய்விட்டார், வக்கீல் சம்சாரம் போய்விட்டார், டாக்சிக்காரன் பெயரே தெரியாது. ஒருவேளை இரண்டுமே நடந்திருக்கலாம். நான் பார்த்த சீட்டைத்தான் அவளும் பார்த்திருக்கலாம். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக இந்தச் சுவருக்கு இரண்டு புறத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, அவள் ஜன்னலில், நான் துணியோடு. நான் உனக்குக் காட்டத் துடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பின்னே எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது இடுப்பில் துணிக்கூடை, கையில் நைலான் கயிறு. இரண்டு நாளாக வெயிலே இல்லை, எல்லாம் நாறுதுங்க, இங்க கட்டீர்லாம் என்றாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டு மறுமுனையை என்னிடம் கொடுத்து, எதிர்ச்சுவரில் ஆணி இருக்கிறதா பாருங்க என்றாள். ஆணி இல்லை. அப்பறமா அடிச்சுக்கலாம், அதுவரைக்கும் புடிச்சுக்கிட்டு நில்லுங்க என்றாள். நான் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வண்டியின் மூக்கு இருந்த இடத்தில் நின்றேன். அவள் முதலில் என் வேட்டியை உதறிப் போட்டாள், பிறகு தன் புடவையை. பாரத்தில் கயிறு தொய்ந்து, புடவை விளிம்பு தரையைத் தொடப் பார்த்தது.

"இழுத்துப் புடிங்க" என்றாள்.

இழுத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."